பதில் ஆள்

எங்கள் கழகத்தின் கிரிக்கெட் ஆட்டங்களில் ஓட்டங்களை எழுதுகிறவளும் நான்தான், அவற்றை ஒலிவாங்கியில் சொல்லுகிறவளும் நான்தான். பதினான்கு கோடைகாலமாக என் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போகின்றன. கிழமை நாட்களில் பாரிஸ் பதினெட்டாம் வட்டாரத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தட்டையும் கரண்டியையும் போட்டு அடிக்கிற சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகிய குரல் இது. மைதானத்தில் ஒலிபெருக்கி பழுதானாலும் எனக்குக் கவலையில்லை.

இந்த வேலைக்கு என்னை யாரும் தெரிவு செய்யவில்லை. கழகம் தொடங்கிய வருடம் என் கணவர் அணித்தலைவர். வந்த ஆண்கள் எல்லாருக்கும் விளையாடத்தான் ஆசை, உட்கார்ந்து எழுத ஒருவருக்கும் பொறுமை இல்லை. எழுதியவர்களின் எழுத்தை அடுத்த நாள் அவர்களாலேயே வாசிக்க முடியவில்லை. நான் பென்சிலைப் பறித்தேன். அடுத்த மாதம் மைக்கையும் பறித்தேன். பறித்ததைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் என்னிடம் இல்லை.

என் வர்ணனைக்கு ஒழுங்கு முறை என்று ஒன்றும் கிடையாது. கண்ணால் கண்டதைச் சொல்லுவேன், கொஞ்சம் கூட்டியும் சொல்லுவேன். "பந்து வந்தது, அண்ணை பாத்தார். பந்து போயிட்டுது, அண்ணை இன்னும் பாத்துக்கொண்டு நிக்கிறார்" என்பேன். நடுவில் வாசலை மறித்து நிற்கும் காரின் இலக்கத்தை வாசிப்பேன், கொத்துரொட்டி தயார் என்று அறிவிப்பேன். ஒரு கைபேசியை முக்காலியில் நிறுத்தி ஆட்டத்தை இணையத்தில் நேரடியாக விடுவதால் கனடாவிலும் லண்டனிலும் ஊரிலும் இருந்து கேட்பார்கள். ஆட்டத்தை விட என் வாய்தான் சுவாரசியம் என்று ஒன்றுவிட்ட தங்கச்சி கனடாவிலிருந்து எழுதுவாள்.

இதற்குள் ஒரு பாண்டிச்சேரிக்காரர் வந்து சேர்ந்தார். எங்கள் கழகத்துக் குடும்பம் ஒன்றில் பெண் எடுத்தவர். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்ததால் விளையாட முடியாது. காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை. எந்த வீடு எரியும், எந்தக் கார் மோதும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கிற உத்தியோகம். படிக்கிற காலத்தில் இணையத்தில் அமெரிக்கர்களின் பேஸ்போல் பார்த்துப் பைத்தியம் பிடித்ததாக அவரே சொன்னார். அங்கே வர்ணனையாளர்கள் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு எண் சொல்வார்களாம். எங்கள் வர்ணனையிலும் அதைக் கொண்டுவரவேண்டும் என்பது அவருடைய ஆசை.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் லா ஷப்பலில் சாமான் வாங்கிய பிறகு நானும் கணவரும் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு தேநீர்க் கடையில் உட்காருவோம். கழகத்தின் கூட்டம், விளையாடுகிறவர்களின் தெரிவு எல்லாம் அங்கேதான். தலைவர் பதவியையும் விளையாட்டையும் விட்டாலும் பதினொரு பேரைத் தெரிவு செய்கிற அதிகாரத்தை என் கணவர் விடவில்லை. அந்த மேசைக்குத்தான் பாண்டிச்சேரிக்காரர் தன் பலகைக் கணினியைக் கொண்டுவந்து எனக்கு ஒரு பேஸ்போல் காட்சியைப் போட்டுக் காட்டினார். ஒருவர் பந்தை ஓங்கி அடித்தார். தூரத்தில் நின்ற ஒருவர் அதைப் பிடித்தார். வர்ணனையாளர் இங்கிலிஷில் எண்களை அடுக்கினார்.

"கவனிங்க அக்கா. பந்து எப்படிப் போச்சுன்னு அவர் சொல்லல. எவ்ளோ வேகம், எந்தக் கோணம், இப்படி அடிச்சா வழக்கமா என்ன ஆகும்னு சொல்றார்."

"பிடிச்சுப் போட்டாங்கள் தானே?"

"பிடிச்சிட்டாங்க. ஆனா அது நல்ல அடி. பிடிபட்டிருக்கக் கூடாது."

"பிடிபட்டிருக்கக் கூடாத அடிக்கு எத்தினை ஓட்டம் குடுப்பினம்?"

"ஓட்டம் குடுக்க மாட்டாங்க. கணக்குல வச்சுக்குவாங்க."

அடித்தவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போவது திரையில் தெரிந்தது. அவருக்கு இந்தக் கணக்கு தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். கணவர் மேசைக்குக் கீழே காலைத் தட்டியதால் தேநீரைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய குழப்பம். ஒரு ஆட்டக்காரரின் பெறுமதி அவர் எடுத்த ஓட்டங்களில் இல்லையாம். அவரை எடுத்துவிட்டு அவருடைய இடத்தில் ஒரு பதில் ஆளைப் போட்டால் அணி எவ்வளவு இழக்கும் என்பதில்தான் இருக்கிறதாம்.

"அந்தப் பதில் ஆள் ஆர்?" என்று கேட்டேன்.

"அப்படி யாரும் இல்லீங்க. அது ஒரு கணக்கு. உடனே கிடைக்கக்கூடிய ஒரு சாதாரண ஆள்னு வச்சுக்குங்க."

"சம்பளமும் குறைச்சலோ?"

"ஆமா," என்றார் முகம் கோணாமல். "அதுவும் கணக்குல உண்டு."

இல்லாத ஆள் என்று அவர் சொன்னாலும் எனக்கு அந்த ஆளைத் தெரியும். பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம் நாரி, இடுப்பு நோகுது என்றால், ஒரு நாள் லீவு வேண்டும் என்றால், பத்ரோன், அதாவது முதலாளி, அந்த ஆளைத்தான் சொல்லிக் காட்டுவார். வெளியே வரிசையில் நிற்கிறான், கூப்பிட்டால் வருவான் என்பார். அமெரிக்காவில் அந்த ஆளை வைத்து ஒரு கணக்கே செய்திருக்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஆனாலும் என் பதினான்கு வருடப் புத்தகங்களை அவர் கேட்டபோது கொடுத்துவிட்டேன். வேறு ஒருவரும் என் எழுத்தை இவ்வளவு மரியாதையோடு பார்த்ததில்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, இரண்டு மாதம் இருந்து எல்லாவற்றையும் கணினிக்குள் ஏற்றினார். "அக்கா, எங்க ஆபீஸ்ல கூட இவ்ளோ சுத்தமான பதிவு கிடையாது" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்தக் கோடை முழுவதும் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை நீட்டினார், நான் மைக்கில் வாசித்தேன். இரண்டு பேர் அடுத்தடுத்து ஆட்டமிழந்து நாங்கள் முழிசிக்கொண்டு நிற்கும்போது, வெல்லும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று திரை காட்டும். அதையும் வாசித்தேன். "உமக்கு வெயில் பிடிச்சிட்டுதோ?" என்று லண்டனிலிருந்து ஒருவர் செய்தி அனுப்பினார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "இந்த எண் எனக்கு விளங்கேல்லை. உங்களுக்கு விளங்கினால் அது உங்கடை கெட்டித்தனம்" என்று மைக்கிலேயே சொன்னேன். கூட்டம் சிரித்தது. பாண்டிச்சேரிக்காரரும் சிரித்தார். கோபமே வராத மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அதை விடப் பெரிய தொல்லை, சில நேரம் அவர் சொன்னது நடந்துவிடும். எதிரணி ஆள் மூன்று பந்துக்கு ஓட்டம் எடுக்காவிட்டால் நாலாவது பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கம் தூக்குவார், அங்கே ஒருவரை நிறுத்துங்கள் என்றார். நிறுத்தினார்கள். பந்து நேரே அங்கே நின்றவரின் கைக்கு வந்தது. நான் மைக்கில் வாசலை மறித்து நின்ற ஒரு காரின் இலக்கத்தை வாசித்தேன்.

இறுதிப் போட்டிக்கு எங்கள் கழகம் தெரிவானது. எட்டு வருடத்துக்குப் பிறகு. போட்டிக்கு முந்திய வாரச் சனிக்கிழமை பாண்டிச்சேரிக்காரர் தேநீர்க் கடையில் ஒரு பட்டியலை வைத்தார். எல்லா ஆட்டக்காரரும், ஒவ்வொருவருக்கும் நேரே ஒரு எண், நடுவே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் பதில் ஆளை விடக் குறைந்தவர்கள். கோட்டுக்குக் கீழே ஒரு பெயர்தான் இருந்தது. அது அண்ணையின் பெயர்.

அண்ணை என்று நான் சொல்வது என்னை விட இரண்டு வயது மூத்த ஒருவரை. கழகம் தொடங்கிய நாளிலிருந்து விளையாடுகிறவர். ஆர்ஜொந்தெயில் இன்னும் மூன்று பேரோடு ஒரு அறை. உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவத் தொடங்கி, இப்போது சலாட் வெட்டுகிற இடம் வரை வந்திருக்கிறார். கல்யாணம் கட்டவில்லை. கட்டவேண்டிய வயதில் பப்பியே, அதாவது வதிவிட அனுமதிப் பத்திரம், இருக்கவில்லை, பப்பியே கிடைத்தபோது வயது போய்விட்டது. ஞாயிறு வேலை வந்தால் இரண்டு சனிக்கிழமை இரவைக் கொடுத்து அந்த ஒரு பகலை வாங்குவார். துடுப்பாட்டத்தில் எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ வருவார். அவருடைய வாழ்க்கையில் விளையாட்டைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து இல்லை.

கணவர் கண்ணாடியைப் போட்டுப் பட்டியலைப் பார்த்தார். "கணக்கு அப்பிடித்தான் சொல்லுது," என்றார்.

"கணக்குக்கு வாய் இருக்கோ சொல்லுறதுக்கு?" எனக்கு விசர் வந்துவிட்டது. "இறுதிப் போட்டிக்கு அண்ணை இல்லாமல் போறதெண்டால் நான் மைக் பிடிக்க மாட்டன்."

"கொஞ்சம் பொறும். எட்டு வருசத்துக்குப் பிறகு வந்திருக்கிறம்."

பாண்டிச்சேரிக்காரர் நியாயமான மனிதர். பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அண்ணையின் கணக்கில் ஒரு இடத்தில் தனக்கும் சந்தேகம் இருக்கிறது என்றார். ஒருவர் ஒற்றை ஓட்டம் ஓடினால் இரண்டு பேரும் முனை மாறவேண்டும். அடுத்த பந்தை மற்றவர் சந்திக்கவேண்டும். என் புத்தகங்களில் இருபத்திரண்டு இடத்தில் ஓட்டம் இருக்கிறது, முனை மாறவில்லை.

"விசித்திரம் என்னன்னா அக்கா, இருபத்திரண்டு தடவையும் இந்த அண்ணன்தான் மறுபக்கம் நிக்கறார். வேற யாரும் இல்ல. மழையில நனைஞ்ச பக்கங்களா இருக்குமா?"

"ஓம்," என்றேன். "மழையாத்தான் இருக்கும்."

அவர் உடனே நம்பிவிட்டார். கத்தரிக்காய் வாங்க மறந்துவிட்டேன் என்று சொல்லி எழும்பி வெளியே வந்து, மெத்ரோ பாலம் வரை நடந்து, அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். இருபத்திரண்டு என்று அவர் எண்ணிச் சொன்னதுதான் என்னை உலுக்கியது. அவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாட்டிலிருந்து புதிதாக வந்த ஒருவர் முதல் தடவை விளையாடினால், ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவார். வேலை கிடைத்திருக்காது, வதிவிட விசாவுக்கு விசாரணை நாள் கிடைத்திருக்காது, இருக்க ஒழுங்கான இடமும் இருக்காது. வந்து இத்தனை மாதத்தில் வீட்டுக்குக் காட்ட அவரிடம் இருக்கும் ஒரே நல்ல தாள் அது. இரண்டாவது கோடையில் அப்படி ஒருவர் ஓட்டம் எதுவும் எடுக்காமல் ஆட்டமிழந்தார். முட்டை என்போம் அதை. தன் பெயருக்கு நேரே இருந்த முட்டையைப் பார்த்துவிட்டு அவர் போனைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்ததை நான் கண்டேன்.

அதற்குப் பிறகு புதிதாக வந்த ஒருவருக்கும் நான் முட்டை எழுதியதில்லை. மறுமுனையில் நிற்பவர் ஓடிய ஒற்றை ஓட்டம் ஒன்றை அழித்து, புதியவரின் வரிசையில் போட்டுவிடுவேன். மொத்த ஓட்டம் மாறாது, வெற்றி தோல்வி மாறாது. அதற்காகத்தான் பென்சில். மற்றவர்கள் அதை என் கவனம் என்று நினைத்தார்கள். புதியவர்களைக் கடைசியில்தான் துடுப்பெடுத்தாட விடுவோம். கடைசியில் மறுமுனையில் நிற்பவர் எப்போதும் அண்ணைதான்.

அண்ணைக்கு இது தெரியும். முதல் தடவை ஆட்டம் முடிந்து வந்து புத்தகத்தைப் பார்த்தவர், "தங்கச்சி, என்ரை ஒண்டு குறையுது போலை" என்றார். நான் கண்ணால் புதியவரைக் காட்டினேன். அவர் தூரத்தில் போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு அண்ணை தண்ணீர் குடிக்கப் போனார். அதோடு சரி. பிறகு அவர் புத்தகத்தைப் பார்க்க வருவதையே விட்டுவிட்டார்.

ஆக, கணக்குகளை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த நான்தான் அந்தக் கணக்கின் பொய். ஒரு மனிதரின் பெயர் கோட்டுக்குக் கீழே கிடப்பதற்கு என் பென்சில்தான் காரணம் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கிழமை முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தட்டை மாற்றி மாற்றி வைத்தேன். சொன்னால் என் பதினான்கு வருட மரியாதை போய்விடும். சொல்லாவிட்டால் அண்ணையின் இறுதிப் போட்டி போய்விடும்.

அடுத்த சனிக்கிழமை, போட்டிக்கு முதல் நாள், அதே மேசையில் சொன்னேன். சொல்லி முடியும் வரை கணவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப நான் பதினாலு வருசமா எல்லாருக்கும் காட்டித் திரிஞ்சது பொய்ப் புத்தகமோ?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னட்டையாவது சொல்லியிருக்கலாம் நீர்" என்றார். அதுதான் சுட்டது.

பாண்டிச்சேரிக்காரர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவருடைய முகம் மலர்ந்தது. "அக்கா, இது ரொம்ப நல்ல செய்தி. தப்பு எங்கன்னு தெரிஞ்சா திருத்திடலாம். இருபத்திரண்டு இடமும் என்கிட்ட இருக்கு. எடுத்ததை அவர்கிட்டயே திருப்பிக் குடுத்துடலாம்." உடனே கணினியைத் திறந்தார். இருபத்திரண்டு ஓட்டங்களும் ஒவ்வொன்றாக அண்ணையிடம் திரும்பிப் போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வடை வந்தது. ஒருவரும் தொடவில்லை.

"வுவாலா," என்றார். பிறகு திரையை நெருங்கிப் பார்த்தார். "கொஞ்சம் ஏறியிருக்கார்."

"கோட்டுக்கு மேலையோ?"

"இல்லீங்க அக்கா. இன்னும் கீழதான்."

"திரும்பப் பாருங்கோ."

திரும்பப் பார்த்தார். அதே இடம். வயது, என்றார் மெதுவாக. கடைசி மூன்று கோடையில் அண்ணைக்கு ஓட முடியவில்லை, குனிய முடியவில்லை, அவருடைய பக்கம் போன பந்துகளெல்லாம் எல்லைக் கோட்டுக்குப் போயிருக்கின்றன. நான் மறுக்க வாயைத் திறந்தேன். அந்தப் பந்துகள் எனக்கும் நினைவிருந்தன. "பந்து மின்னல் வேகத்தில் போயிட்டுது, ஆராலும் பிடிக்க ஏலாது" என்று மைக்கில் சொன்னவள் நான். பந்து அப்படி ஒன்றும் போகவில்லை. அண்ணையின் நாரி வளையவில்லை. என் பென்சிலில் இருந்தது இருபத்திரண்டு பொய், என் வாயில் இருந்தது எத்தனை என்று யாரும் எண்ணவில்லை.

அப்போது எனக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. பொய்யை வைத்துச் செய்த கணக்கும் உண்மையை வைத்துச் செய்த கணக்கும் ஒரே இடத்துக்கு வந்தால் நான் யாரோடு சண்டை பிடிப்பது? கணவர் வெளியே போய் அண்ணைக்குப் போன் எடுத்தார். திரும்பி வந்தவரிடம், அண்ணை என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஓம், சரி எண்டார்," என்றார். "நாளைக்கு லீவு மாத்தி எடுத்துப் போட்டாராம். எண்டபடியால் பாக்க வருவாராம்."

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் பதில் ஆள் நேரில் வந்தார். நாலு மாதத்துக்கு முன் பிரான்சுக்கு வந்து செவ்ரானில் எங்களுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் தங்கியிருக்கும் ஒருவர். முப்பத்திரண்டு வயது. மனைவியும் ஏழு வயது மகளும் ஊரில். எங்கள் கழகத்துக்கு அது அவருடைய முதல் ஆட்டம். காலில் யாரோ கொடுத்த சப்பாத்து, ஒரு அளவு பெரிது.

நான் மைக் பிடிக்கமாட்டேன் என்று சொன்னவள், பிடித்தேன். அண்ணை கழகச் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார். என் மேசையில் என் இடப்பக்கம் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். வலப்பக்கம் பாண்டிச்சேரிக்காரர் கணினியோடு. மன்னிப்புக் கேட்க நினைத்து, "அண்ணை, நான் உங்களுக்கு" என்று தொடங்கினேன். "ஆட்டத்தைப் பாருங்கோ, தங்கச்சி" என்றார்.

நாங்கள் முதலில் துடுப்பெடுத்தாடினோம். புதியவர் ஒன்பதாவதாக இறங்கினார். நாலு பந்தைத் தடுத்தார், ஐந்தாவது பந்தில் விக்கெட் பறந்தது. என் பென்சில் அந்தரத்தில் நின்றது. மறுமுனையில் நின்றவன் இங்கே பிறந்து வளர்ந்த பெடியன். அவனிடமிருந்து எடுக்க நான் யாரிடம் கேட்பது? எடுத்தாலும் பயனில்லை. ஒவ்வொரு பந்தையும் பாண்டிச்சேரிக்காரர் அதே நொடியில் கணினியில் போட்டுக்கொண்டிருந்தார். அது நேரடி ஒளிபரப்பின் மூலையில் உலகம் முழுக்கத் தெரிந்துகொண்டிருந்தது. நான் முட்டையை எழுதினேன். மைக்கில், "நல்ல பந்து" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு எதிரணி ஆடியது. அண்ணை வழக்கமாக நிற்கும் இடத்தில் புதியவர் நின்றார். பெரிய சப்பாத்தோடு ஓடி, எல்லைக்குப் போகவிருந்த இரண்டு பந்துகளைத் தடுத்தார். கடைசி ஓவரில் எல்லைக் கோட்டருகே விழுந்து ஒரு பிடி எடுத்தார். நாங்கள் மூன்று ஓட்டத்தால் வென்றோம். அண்ணை அங்கே நின்றிருந்தால் தோற்றிருப்போம். என் வாயால் இதைச் சொல்லக் கசக்கிறது, ஆனால் எனக்கும் எண்ணத் தெரியும். அண்ணை எழும்பி நின்று கை தட்டினார். பக்கத்தில் இருந்து அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தோசம் இருந்தது, வேறு என்ன இருந்தது என்று என்னால் வாசிக்க முடியவில்லை.

கிண்ணத்தோடு எல்லாரும் கூத்தாடிக்கொண்டிருந்தபோது புதியவர் எங்கள் மேசைக்கு வந்தார். கையில் போன், முழங்கையில் இரத்தம்.

"அக்கா, வீட்டுக்கு அனுப்ப இதை ஒரு படம் எடுக்கட்டோ? மகள் எத்தினை அடிச்சனீங்கள் எண்டு கேட்டவ."

என் கை தானாகப் பக்கத்தை மூடியது. மூடிய பிறகுதான் மூடியது தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. சிரிக்கப் பார்த்தார். "முட்டைதானே அக்கா. பரவாயில்லை, பிறகு அனுப்புவம்" என்று போனை இறக்கினார்.

"தம்பி," என்றார் அண்ணை. "என்ரை முதல் ஆட்டமும் முட்டைதான். உதிலை எல்லாம் இருக்கு. இவரைக் கேட்டுப் பாரும்." பாண்டிச்சேரிக்காரரின் கணினியைக் காட்டினார்.

அண்ணையின் முதல் ஆட்டத்தை எழுதியவள் நான். அன்றைக்கு அவர் நாற்பத்தொரு ஓட்டம், ஆட்டமிழக்கவில்லை. கழகத்தின் முதல் வெற்றி. என் கணவர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார். இத்தனை வருடத்தில் அவர் அதைப்போல இன்னொரு தடவை அடிக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். அண்ணை என் பக்கம் திரும்பவில்லை.

புதியவர் பாண்டிச்சேரிக்காரரைப் பார்த்தார். அவர் கணினியில் அண்ணையின் பெயரைத் தட்டினார். நான் இருந்த இடத்திலிருந்து திரை தெரிந்தது. முதல் வரியில் நாற்பத்தொன்று, பக்கத்தில் ஆட்டமிழக்கவில்லை என்பதற்கான நட்சத்திரக் குறி. பொய் எண் ஒன்றை அவருடைய வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், திரும்பப் போட்டார், திரையை இன்னொரு முறை பார்த்தார்.

"உய், ஆமா," என்றார். "முட்டைன்னுதான் போட்டிருக்கு."

நான் கையை எடுத்தேன். தம்பி போனை நேராகப் பிடித்துப் படத்தை எடுத்தார்.